கரண்டியில் உறையும் செம்பு

புதிதாக உலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "முதல்ல காத்த ஊதி ஊதி ஆக்ஸிஜன ஏத்துறோம். அப்புறம் அதே ஆக்ஸிஜன எடுக்கிறதுக்கு கேஸ ஊதுறோம். ஏத்தாமலே இருந்துட்டா என்ன சார்?" நல்ல கேள்வி. செம்பைத் தீயில் சுத்திகரிக்கிற வேலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். நான் சேர்ந்த புதிதில் இதையே கேட்டபோது கிடைத்த பதில், "அப்படித்தான் செய்யணும், செய்." இருபது வருஷத்துக்கு மேல் இந்த உலைகளின் முன்னால் நின்றாகிவிட்டது, இப்போது கேட்கிறவர்களுக்கு அதே பதிலைச் சொல்ல மனசு வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு முந்தைய கட்டத்தின் உலையான கன்வர்ட்டரிலிருந்து வருகிற செம்புக்குக் கொப்புளச் செம்பு என்று பெயர். 98.5 முதல் 99.5 சதவீதம் வரை செம்பு, மீதி அழுக்கு. அதை அப்படியே அச்சில் ஊற்றினால் மேல்பரப்பு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உறையும், பெயர் வந்ததே அதனால்தான். காரணம் கந்தகமும் ஆக்ஸிஜனும். திரவமாக இருக்கிற வரைக்கும் இரண்டும் செம்புக்குள் கரைந்து சும்மா கிடக்கும். உறைய ஆரம்பித்ததும் திடமான பகுதியில் இவற்றுக்கு இடம் கிடையாது, மிச்சமிருக்கிற திரவத்துக்குள் நெருக்கித் தள்ளப்படும், அங்கே செறிவு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து கந்தக டை ஆக்சைடு வாயுவாகிவிடும்.

எவ்வளவு வாயு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் திரவச் செம்பில் 0.01 சதவீதம் கந்தகமும் 0.01 சதவீதம் ஆக்ஸிஜனும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இரண்டும் முழுசாகச் சேர்ந்தால் செம்பு உறைகிற வெப்பத்தில், அதாவது சுமார் 1083 டிகிரியில், கிட்டத்தட்ட 2.8 கன சென்டிமீட்டர் வாயு கிடைக்கும். உலோகத்தின் கன அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! இத்தனையும் உறைந்துகொண்டிருக்கிற உலோகத்துக்குள்ளிருந்து வெளியே வர வழி தேடினால் தகடு தட்டையாக எப்படி வரும்?

ஆக, கந்தகம் போயாக வேண்டும். அதை விரட்டச் சுலபமான ஆள் ஆக்ஸிஜன்தான். காற்றை ஊதினால் கந்தகம் வாயுவாக மேலே போகும். ஆனால் கந்தகம் குறையக் குறைய மிச்சமிருப்பதை விரட்டக் கரைந்த ஆக்ஸிஜன் மேலும் மேலும் அதிகமாகத் தேவைப்படும். சதவீதத்தில் மூன்றாம் தசம இடத்துக்குக் கந்தகத்தைக் கொண்டுவருவதற்குள், அதாவது 0.003 அல்லது அதற்கும் கீழே, செம்பில் ஆக்ஸிஜன் 0.6, 0.7, சில நேரம் அதற்கு மேலும் ஏறிவிடும். ஏத்தாமலே இருந்துட்டா என்ன என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கந்தகத்தை வெளியே அனுப்பக் கொடுக்கிற விலை அந்த ஆக்ஸிஜன்.

கந்தகம் மட்டுமில்லை, செம்பைவிட ஆக்ஸிஜன் மேல் ஆசை அதிகம் உள்ள எல்லாமே இந்தக் கட்டத்தில் ஆக்சைடாக மாறி மேலே மிதக்க ஆரம்பிக்கும். இரும்பு, துத்தநாகம் எல்லாம் சுலபமாக வரும், ஈயம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் சோடா போன்ற துணை இருந்தால்தான் கசடுக்குள் சரியாகப் போகும். வெள்ளி, தங்கம் இந்த வழியில் வரவே வராது, அவை செம்போடே இருந்து பிறகு மின்சாரம் பாய்ச்சிச் சுத்தமாக்குகிற மின்பகுப்புத் தொட்டியில்தான் பிரியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிஜனை எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் கசடை முழுசாக வழித்தெடுத்துவிட வேண்டும். கசடு மேலே கிடக்கும்போதே கேஸைத் திறந்தால், காற்றை ஊதி எந்த அழுக்கையெல்லாம் வெளியே தள்ளினோமோ அதில் ஒரு பகுதி ஒடுக்கமடைந்து, அதாவது ஆக்ஸிஜனை இழந்து, திரும்பவும் செம்புக்குள்ளேயே இறங்கிவிடும். ஈயம் இப்படித் திரும்பி வந்ததை நானே பகுப்பாய்வு அறிக்கையில் பார்த்திருக்கிறேன். கசடில் செம்பு ஆக்சைடும் நிறைய இருக்கும், ஒடுக்கினால் செம்பு கொஞ்சம் மீளும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். வழித்த கசடைக் கன்வர்ட்டருக்கே திருப்பி அனுப்பிவிட்டால் அந்தச் செம்பு எங்கும் போய்விடாது.

சரி, இப்போது உலையில் கந்தகம் இல்லாத, ஆனால் ஆக்ஸிஜன் நிரம்பிய செம்பு இருக்கிறது. 0.7 சதவீதம் என்று சொன்னால் சின்ன எண்ணாகத் தெரியும். அதையே குப்ரஸ் ஆக்சைடாக, அதாவது செம்பு ஆக்சைடாக, மாற்றிக் கணக்கிட்டால் 6 சதவீதத்துக்கு மேல். 250 டன் பிடிக்கிற உலையில் 15 டன்னுக்கு மேல் ஆக்சைடு கரைந்து கிடக்கிறது என்று அர்த்தம். திரவமாக இருக்கும்போது அதன் சுவடே தெரியாது. உறைந்த பிறகுதான் தெரியும், ஏனென்றால் திடச் செம்பில் ஆக்ஸிஜன் கரைவது மிக மிகக் குறைவு. சுமார் 0.39 சதவீத ஆக்ஸிஜனில் செம்பும் அதன் ஆக்சைடும் சேர்ந்த, மிகக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 1065 டிகிரியில் உறையும். அதற்குக் கீழே ஆக்ஸிஜன் உள்ள செம்பை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செம்பு மணிகளைச் சுற்றி வலை பின்னியதுபோல ஆக்சைடுப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அதற்கு மேலே போனால் தனித்தனி ஆக்சைடுத் துண்டுகளே தெரியும், அப்படிப்பட்ட செம்பைச் சுத்தியலால் ஒரு அடி அடித்தால் போதும், உடைந்துவிடும். செம்பு உடைவதை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு நம்பவே முடியாது. கம்பியாக இழுக்கிற உலோகம் ஓடு மாதிரி உடைகிறது.

இதை எடுக்கிற வேலையை எல்லோரும் போலிங் என்றுதான் சொல்கிறோம். கேஸ் ஊதினாலும் போலிங்தான். ஆங்கிலத்தில் போல் என்றால் கம்பம், பெயர் மரக்கம்பத்திலிருந்து வந்தது. நான் முதலில் வேலை பார்த்தது பழைய செம்பை உருக்கிச் சுத்திகரிக்கிற சின்ன உலையில். அங்கே அப்போதும் மரம்தான். வெட்டி அதிக நாள் ஆகாத, பட்டையோடு இருக்கிற பச்சைக் கட்டை, தொடைப் பருமன். சங்கிலியில் தொங்கவிட்டு உலை வாசல் வழியாக உள்ளே நீட்டி, அடி நுனியைச் செம்புக்குள் முக்கி அழுத்திப் பிடிப்போம். அழுத்திய மறு நொடியே உலைக்குள் ஒரு குமுறல் கேட்கும். செம்பு கொதிக்கிற மாதிரி எழும்பும், துளிகள் வாசல் வரைக்கும் தெறிக்கும், வாசலில் மஞ்சள் தீ பச்சை ஓரத்தோடு வெளியே நாக்கை நீட்டும். காலடியில் இருக்கிற இரும்புத் தட்டு அதிர்வதைப் பூட்ஸைத் தாண்டி உணரலாம். கட்டையை வெளியே இழுத்தால் முக்கியிருந்த பாகம் கூராகக் கரைந்து, கரிந்து, பென்சில் சீவியது போல இருக்கும்.

ஏன் பச்சைக் கட்டை? காய்ந்த விறகு நன்றாக எரியுமே என்று தோன்றும். இங்கே எரிவது முக்கியமில்லை. மரத்துக்குள் இருக்கிற ஈரமும் எண்ணெய்ப் பசையும் 1200 டிகிரி செம்புக்குள் போனதும் படபடவென்று வாயுவாக வெடித்துக் கிளம்பும். அதில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், ஹைட்ரோகார்பன் எல்லாம் இருக்கும், அவைதான் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு போகும். அதைவிட முக்கியம் அந்தக் கலக்கல். பெரிய உலையில் மேலே இருக்கிற செம்புக்கு மட்டும் ஒடுக்கம் நடந்து என்ன பயன்? அடியில் இருப்பதும் மேலே வர வேண்டும். பச்சை மரம் ஒரே நேரத்தில் எரிபொருளாகவும் துடுப்பாகவும் வேலை செய்தது என்பதுதான் அதன் அருமை. இந்த அறிவு எந்த வேதியியல் புத்தகமும் எழுதப்படுவதற்கு முன்பே உலைக்காரர்களிடம் இருந்தது, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

மேலே மரக்கரி பரப்பி மூடுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். எடுத்த ஆக்ஸிஜன் காற்றிலிருந்து திரும்ப ஏறாமல் அது காவல் இருக்கும். இரும்பு வேலை செய்துவிட்டு வந்தவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள், கரி உலோகத்துக்குள் போய்விடாதா என்று. திரவ இரும்பில் கார்பன் 4 சதவீதத்துக்கு மேல் கரையும். திரவச் செம்பில் கரைவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அதனால் செம்பின் மேல் கரியைத் தாராளமாகப் போடலாம், ஒரே நிபந்தனை, கரி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கரி எதைக் கொண்டுவரும் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

1960களுக்குப் பிறகு பெரிய ஆலைகள் படிப்படியாக மரத்தை விட்டு வாயுவுக்கு மாறின. உருளை வடிவ உலை, பக்கவாட்டில் இரண்டு ஊதுகுழல். அதே குழல் வழியாக முதலில் காற்று, அப்புறம் இயற்கை எரிவாயு, இல்லையென்றால் எல்பிஜி. உலையைச் சுழற்றினால் குழல் வாய் செம்புக்கு அடியில் போகும், திரும்பச் சுழற்றினால் மேலே வந்துவிடும். சிலர் நீராவியையும் சேர்த்து ஊதுவார்கள், புகைக்கரி குறையும். அம்மோனியா ஊதுகிற இடங்களும் இருந்திருக்கின்றன. அதில் கார்பனே இல்லை, நைட்ரஜனும் நீராவியும்தான் வெளியே வரும், கரும்புகை கிடையாது.

வாயுவில் ஒரு கணக்கு. 250 டன் செம்பில் ஆக்ஸிஜனை 0.7லிருந்து 0.15 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமென்றால் 1,375 கிலோ ஆக்ஸிஜனை வெளியே எடுக்க வேண்டும். ஒரு மீத்தேன் மூலக்கூறு முழுசாக எரிந்தால் நான்கு ஆக்ஸிஜன் அணுவைப் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 345 கிலோ மீத்தேன் போதும். நடைமுறையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஏனென்றால் குமிழி செம்புக்குள் இருக்கிற நேரம் மிகக் கொஞ்சம், பாதி வேலை முடிவதற்குள் மேலே வந்துவிடும். வந்தது உலை வாயில் எரியும், காற்றுப் போதவில்லை என்றால் கரும்புகையாகப் போகும். ஆக்ஸிஜன் குறையக் குறைய வீணாவது இன்னும் அதிகமாகும். முதல் அரை மணி நேரத்தில் ஆக்ஸிஜன் மடமடவென்று இறங்கும், கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வால்வை இன்னும் திறந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தப்பு. புகைதான் கூடும், வேலை கூடாது. அப்புறம் இன்னொன்று, மீத்தேன் உடைவதற்கு வெப்பம் வேண்டும், அதைச் செம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பர்னரைக் கவனிக்காமல் விட்டால் போலிங் முடியும்போது செம்பு வார்ப்புக்குப் போதாத அளவு குளிர்ந்துபோயிருக்கும்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆக்ஸிஜனை எடுப்பது கஷ்டமில்லை. குப்ரஸ் ஆக்சைடு பலவீனமான ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரஜனோ தொட்டாலே விட்டுக்கொடுத்துவிடும். கஷ்டம் எல்லாம் எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. ஏனென்றால் நாம் ஊதுகிற எதிலும் ஹைட்ரஜன் இருக்கிறது, அந்த ஹைட்ரஜனும் செம்பில் கரையும். செம்பில் ஆக்ஸிஜன் நிறைய இருக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே தங்க முடியாது, ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகப் போய்விடும். ஆக்ஸிஜன் இறங்க இறங்க ஹைட்ரஜன் ஏறும். கிணற்று ஏற்றம் மாதிரி ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் ஏறும், இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே வைத்திருக்கச் சாதாரணத் தீ உலையில் வழி கிடையாது. ஈரக் கரி கொண்டுவருவதும் இந்த ஹைட்ரஜனைத்தான்.

ஹைட்ரஜன் எவ்வளவு ஏறினால் ஆபத்து? எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இருந்தால், உறைகிற வெப்பத்தில் அது சுமார் 0.44 கன சென்டிமீட்டர் வாயு. செம்பு உறையும்போது அதன் கன அளவு 4 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும், அதாவது 0.05 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பங்கு வாயுவாக மாறி உள்ளேயே குமிழியாக நின்றுவிட்டால் போதும், சுருக்கம் முழுவதும் ஈடாகிவிடும். அதைவிடக் கூடினால் செம்பு சுருங்குவதற்குப் பதிலாக உப்ப ஆரம்பிக்கும்.

இந்த ஈடாகும் புள்ளியைத்தான் பழைய உலைக்காரர்கள் கண்ணால் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் ஸ்வான்சீ செம்பு உருக்குவதில் உலகத்துக்கே மையமாக இருந்த காலத்திலும் அதே முறைதான். சின்னக் கரண்டியில் செம்பை எடு, உறையவிடு, மேல்பரப்பைப் பார், பிறகு பாதி வெட்டி, பிடிச்சிராவியில் வைத்து உடை, உடைந்த முகத்தைப் பார். சரியான நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் டஃப் பிட்ச். அந்தப் பெயர் இன்றைக்கும் மின்கம்பிச் செம்பின் தரப் பெயரில் அப்படியே இருக்கிறது.

எனக்கு அந்தக் கரண்டியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் மரக்கட்டை உலையில் இருந்த மூத்த உலைக்காரர். "மேல பாரு தம்பி, நடுவுல பாரு" என்பார். ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிற செம்பு கரண்டியில் உறையும்போது நடுவில் பள்ளம் விழும். ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வந்து கடைசியாக நடு உறையும், உள்ளே வாயு இல்லாததால் சுருக்கம் எல்லாம் அங்கே பள்ளமாக நிற்கும். உடைத்தால் மங்கலான செங்கல் நிறம், சொரசொரப்பான மணி மணியான முகம். போலிங் போகப் போகப் பள்ளம் ஆழம் குறையும், பிறகு ஒரு கோடு மாதிரி நிற்கும், பிறகு மேல்பரப்பு தட்டையாகி மெல்லிய சுருக்கக் கோடுகள் மட்டும் தெரியும். அப்போது உடைத்தால், முதலில் சீக்கிரத்தில் உடையாது, வளைந்துகொடுக்கும். உடைந்த முகத்தில் பட்டுத் துணியை மடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு மினுமினுப்பு, இளஞ்சிவப்பு நிறம். அந்த நிறத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. அதையும் தாண்டிப் போய்விட்டால் நடுவில் மேடு கிளம்பும். சில நேரம் உறைந்த தோலைப் பொத்துக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு சொட்டுச் செம்பு வெளியே வந்து முத்துப் போல உட்காரும். உடைத்தால் உள்ளே ஊசி ஊசியாக ஓட்டை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேஸ் உலைக்கு மாறி இரண்டாவது வருஷம், இரவு ஷிஃப்ட். வார்ப்பு எந்திரத்தில் ஏதோ பழுது, இன்னும் அரை மணி ஆகும் என்றார்கள். கரண்டி ஏற்கனவே தட்டையாக வந்துவிட்டது. நான் கேஸைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. ஆக்ஸிஜன் இன்னும் கொஞ்சம் குறைந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன், அதுதான் தப்பு. அரை மணி முக்கால் மணியானது. நடுவில் கரண்டி எடுக்கவில்லை. வார்ப்பு ஆரம்பித்தபோது முதல் அச்சில் செம்பு நன்றாகத்தான் விழுந்தது, அச்சுகளைச் சுமக்கிற வார்ப்புச் சக்கரம் கால்வாசி சுற்றுவதற்குள் நடுவில் லேசாக மேடு எழ ஆரம்பித்தது. அடுத்ததிலும் அப்படியே. ஆனோட், அதாவது மின்பகுப்புத் தொட்டிக்குப் போகிற வார்ப்புத் தகடு, ஒன்று சுமார் 380 கிலோ, தொங்கவிடுகிற காதுகளோடு சேர்த்து அச்சிலிருந்து தூக்கும்போது மேல்பரப்பு புரை புரையாக இருந்தது. நாற்பதுக்கு மேல் ஊற்றிய பிறகுதான் நிறுத்தினோம். அத்தனையும் திரும்ப உருக்கப் போனது.

அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது சுலபமான காரியம், பிறகு பலமுறை செய்திருக்கிறேன். கொஞ்ச நேரம் காற்றை ஊதி ஆக்ஸிஜனை ஏற்றினால் ஹைட்ரஜன் தானே வெளியேறிவிடும், பிறகு மெதுவாக இறக்கி வர வேண்டும். அளவு மீறிய போலிங்குக்கு மருந்தும் ஆக்ஸிஜன்தான். அந்த இரவுக்குப் பிறகுதான் ஆக்ஸிஜனை நான் அழுக்கு என்று நினைப்பதை விட்டேன்.

ஆனோடுக்கு 0.15 சதவீதம் பக்கத்தில் நிறுத்திவிடுவோம். அது மின்பகுப்புத் தொட்டியில் கரையப் போகிற தகடு, தட்டையாகவும் ஒரே கனமாகவும் இருந்தால் போதும். முன்காலத்தில் தீயில் சுத்திகரித்த செம்பையே நேராக உருட்டவும் இழுக்கவும் பயன்படுத்தியபோதுதான் இன்னும் கீழே, 0.02 முதல் 0.05 சதவீதம் வரை இறக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு மின்கம்பிக்கு உருக்குகிற கேத்தோடுச் செம்பிலும், அதாவது மின்பகுப்பில் சுத்தமாகிப் படிந்த செம்பிலும், ஆக்ஸிஜனை ஏறக்குறைய அந்த அளவில் வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள், பலருக்கு இது தெரியாது. மிச்சமிருக்கிற இரும்பு போன்றவற்றைக் கரைசலாக இருக்கவிடாமல் ஆக்சைடாகப் பிடித்து ஓரமாக உட்காரவைக்கிறது அந்தக் கொஞ்ச ஆக்ஸிஜன், அதனால் மின்சாரம் தடையில்லாமல் ஓடுகிறது. 1913இல் வகுத்த சர்வதேச மின்கடத்தல் அளவுகோலில் அன்றைய நல்ல செம்பை 100 என்று வைத்தார்கள், இன்றைய டஃப் பிட்ச் செம்பு 101 வரைக்கும் போகிறது.

பாஸ்பரஸ் போட்டு ஆக்ஸிஜனை முழுசாக எடுத்துவிடலாமே என்றால், எடுக்கலாம், குழாய்ச் செம்புக்கு அப்படித்தான் செய்கிறார்கள். 0.015 முதல் 0.040 சதவீதம் பாஸ்பரஸ் மிச்சம் நிற்கும், அந்தக் கொஞ்சத்துக்கே மின்கடத்தும் திறன் 85 பக்கம் இறங்கிவிடும். குழாய்க்கு அது பரவாயில்லை, ஏனென்றால் அதைப் பற்றவைத்து இணைக்க வேண்டும். டஃப் பிட்ச் செம்பை ஹைட்ரஜன் உள்ள தீயில் சூடாக்கினால் ஹைட்ரஜன் உள்ளே ஊடுருவி ஆக்சைடுப் புள்ளிகளோடு சேர்ந்து நீராவியாகும். அந்த நீராவிக்கு வெளியே வர வழி இல்லை, மணிகளுக்கு இடையில் செம்பைப் பிளந்துவிடும். மின்கடத்தலும் வேண்டும், இந்தப் பிளவும் கூடாது என்கிற வெற்றிடக் கருவிகள் போன்ற இடங்களுக்கு ஆக்ஸிஜனற்ற செம்பு. பத்து லட்சத்தில் பத்துக்கும் குறைவான ஆக்ஸிஜன், சுத்தமான கேத்தோடை மட்டும் காற்றுப் படாமல் உருக்கிச் செய்வது. அது வேறு உலகம், தீ உலையில் கேஸ் ஊதி அங்கே போய்ச் சேர முடியாது.

இப்போது ஆக்ஸிஜனை அளக்க சென்சார் வந்துவிட்டது. சிர்கோனியாக் குழாய் முனையைச் செம்பில் முக்கினால் உள்ளேயும் வெளியேயும் இருக்கிற ஆக்ஸிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக வரும், சில வினாடிகளில் எண் திரையில். அருமையான கருவி. அதை வைத்துத்தான் நானும் கேஸைக் குறைக்கிறேன். ஆனால் அது சொல்வது ஆக்ஸிஜனை மட்டும். ஹைட்ரஜன் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆக்ஸிஜன் 0.15 என்று திரையில் நின்றுகொண்டிருக்கும்போதே பர்னரில் எரிபொருள் கூடியோ, கரி ஈரமாகவோ இருந்து ஆனோட் உப்பியதைப் பார்த்திருக்கிறேன். கரண்டியில் உறைகிற செம்பு மட்டும்தான் இரண்டையும் சேர்த்து, அச்சில் என்ன நடக்கப் போகிறதோ அதையே முன்கூட்டிக் காட்டுகிறது. அதனால் சென்சார் எண் வந்தாலும் என் ஷிஃப்டில் கரண்டி எடுக்காமல் வார்ப்பு தொடங்காது.

வருங்காலத்திலும் இதே நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹாம்பர்க்கில் ஆருபிஸ் நிறுவனம் 2021இல் இயற்கை எரிவாயுவுக்குப் பதிலாக ஹைட்ரஜனையே ஆனோட் உலையில் ஊதிச் சோதனை தொடங்கியது. கார்பன் இல்லை, புகைக்கரி இல்லை, வெளியே வருவது நீராவி. எனக்கு இது உண்மையிலேயே சந்தோஷமான செய்தி, அந்தக் கரும்புகையை எத்தனையோ வருஷம் சுவாசித்தவன் நான். ஊதுவதே ஹைட்ரஜன் என்னும்போது எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகும்.

கடைசியாக, கரண்டி எடுக்கிறவர்களுக்கு. கரண்டியை உலை வாயில் காட்டி நன்றாகச் சூடாக்கிய பிறகுதான் செம்பில் விட வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் செம்பு முகத்தில் தெறிக்கும், முகமூடி இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். தெறிக்காத அளவுக்குக் கொஞ்சமாக ஈரம் இருந்தால் அது வேறு விதமாக ஏமாற்றும், நல்ல செம்பே மேடாக உறைந்து காட்டும், நீங்கள் காற்றைத் திறந்து ஆக்ஸிஜனை ஏற்றிவிடுவீர்கள். முதல் கரண்டியைத் திரும்ப உலையிலேயே கொட்டிவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். வார்ப்பு நடக்கிற மணி நேரங்களிலும் வாய்க்கால் முனையிலிருந்து அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஏனென்றால் வாய்க்காலில் ஓடும்போதே செம்பு காற்றிலிருந்து ஆக்ஸிஜனைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும், முதல் ஆனோடுக்கு இருந்த பரப்பு கடைசி ஆனோடுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.